குருவி வர என்ன செடி வைக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கீழ்க்கட்டளையில் என் நர்சரிக்குச் செடி வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்தான் இந்த மாதம் கடிதங்களாகவும் வந்திருக்கின்றன. பாதிக் கடிதங்களில், பறவைகளுக்கு என்ன தீனி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தீனி விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. அதை முதல் பதிலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூர் வாசகி: மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஆன்லைனில் தீனித் தட்டு வாங்கி, கம்பும் தினையும் போட்டுப் பால்கனியில் தொங்கவிட்டேன். வருவதெல்லாம் புறாதான். ஏசி பெட்டி, துணிக்கொடி எங்கும் எச்சம். தேன்சிட்டும் சின்னானும் வர என்ன தீனி வைக்கணும் அக்கா?

தட்டை இன்றைக்கே கழற்றி உள்ளே வையுங்கள். சென்னை அடுக்குமாடியில் தானியம் கொட்டினால் முதலில் வருவதும் கடைசிவரை இருப்பதும் மாடப்புறாதான். பாறை இடுக்கில் கூடு கட்டி வாழ்ந்த பறவை அது. ஏசி பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சந்து அதற்குத் தோதான இடம். தீனியும் கிடைத்துவிட்டால் வருஷம் முழுக்க முட்டையிடும். அந்த எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இன்னும் மோசம். சுத்தம் செய்யும்போது உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு துடைத்தெடுங்கள்.

நீங்கள் கேட்கிற இரண்டு பறவைகளுக்கும் தானியமே வேண்டாம். தேன்சிட்டுக்குப் பூவில் தேனும், இலை இடுக்கில் சிலந்தியும் வேண்டும். சின்னானுக்குப் பழமும் பூச்சியும். இரண்டையும் செடிதான் கொடுக்க முடியும். பால்கனியில் நாலு மணி நேரம் வெயில் விழுகிறதா? அப்படியென்றால் ஒற்றை அடுக்குச் செம்பருத்தி ஒன்று, இட்லிப்பூ ஒன்று, பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வையுங்கள். சிவப்புக் குழல் குழலாகப் பூக்கும் ரஸ்ஸீலியாவைக் கம்பியில் தொங்கவிடலாம். எந்த நர்சரியிலும் பெயர் சொன்னால் கொடுப்பார்கள். செம்பருத்தியில் தேன்சிட்டு எப்படித் தேன் எடுக்கிறது என்று கிட்டே இருந்து பாருங்கள். பல நேரம் பூவின் வாய்ப் பக்கமே போகாது. காம்பை ஒட்டி உட்கார்ந்து, பூவின் அடியில் அலகால் ஒரு துளை போட்டு, நேராகத் தேனை உறிஞ்சிவிடும். பூவைக் கையில் எடுத்துப் புல்லிவட்டத்தை விலக்கினால் துளை தெரியும்.

சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அது சில மணி நேரத்தில் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். பூ இருக்கும்போது அது எதற்கு? மிச்சமான மிக்சர், உப்புப் போட்ட கடலை, பால் ஊற்றிய பிரெட் இதெல்லாம் எந்தப் பறவைக்கும் வேண்டாம்.

தரையில் மண் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பத்துக்குப் பத்தடி போதும். நான் முதலில் சொல்வது முருங்கை. பூக்கிற காலத்தில் தேன்சிட்டுகள் அதை விட்டு நகராது. காய்ந்த கிளை ஒன்று இருந்து, அது யார் தலையிலும் விழாத பக்கம் என்றால் வெட்டாமல் விடுங்கள். முருங்கைக் கட்டை மெத்தென்று இருப்பதால் செம்மார்புக் குக்குறுவான் அதில் பொந்து குடையும். வெயில் காலத்தில் எங்கிருந்தோ 'டுக்... டுக்... டுக்...' என்று விடாமல் கேட்கிறதே, அந்தப் பறவைதான். அடுத்தது கறிவேப்பிலை. எல்லாக் கொழுந்தையும் கிள்ளிவிடாமல் ஒரு கிளையை மட்டும் பூத்துக் காய்க்க விடுங்கள். பழம் கறுத்ததும் சின்னானும் குயிலும் வந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் போடாத இடத்திலெல்லாம் கறிவேப்பிலைக் கன்று முளைக்கும். தேன்பழம் சீக்கிரம் வளர்ந்து வருஷம் பூராவும் பழுக்கும், பறவைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் ராத்திரியில் வௌவாலும் வரும், கிளையும் காற்றுக்குத் தாங்காது. கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் வேண்டாம்.

குரோம்பேட்டை வாசகர்: முருங்கையில் கம்பளிப்பூச்சி, எலுமிச்சையில் பச்சைப் புழு. கடையில் நல்ல மருந்தாகக் கேட்டு அடித்தேன். புழு போய்விட்டது. ஆனால் தினமும் வந்துகொண்டிருந்த தையல்சிட்டையும் காணோம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நீங்களே கவனித்து எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம். செடி விற்கிற நான் புழு மருந்து விற்பதில்லை, காரணம் இதுதான்.

நம் தோட்டத்துக்கு வரும் பறவைகள் அநேகமாக எல்லாமே குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் கொண்டுபோகும். இறகு முளைக்கவும் உடம்பு வளரவும் புரதம் வேண்டுமே! தேன்சிட்டும் அப்படித்தான். தேன் தாய்க்கு, சிலந்தியும் சின்னப் பூச்சியும் குஞ்சுக்கு. நீங்கள் மருந்தடித்த அன்றைக்கு அந்தத் தையல்சிட்டுக்குப் பக்கத்தில் எங்காவது கூட்டில் குஞ்சு இருந்திருந்தால், அதன் சாப்பாடு மொத்தமும் போயிருக்கும். மருந்து பட்டுச் சாகிற புழுவை எடுத்து ஊட்டியிருந்தால் அதைவிடக் கஷ்டம்.

எலுமிச்சைப் புழுவை ஒருநாள் பொறுமையாகப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாக, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே இருக்கும். பறவையின் கண்ணை ஏமாற்றத்தான் அந்த நிறம். பெரிதானதும் இலை நிறத்துக்கு மாறிவிடும். தையல்சிட்டு அப்போதும் விடாது. காலையில் வாலைத் தூக்கிக்கொண்டு கிளை கிளையாகத் தேடும்; கிடைத்ததைக் கிளையில் இரண்டு பக்கமும் அடித்து நசுக்கி, அலகில் கவ்விக்கொண்டு பறக்கும். தப்பிக்கிற புழுக்கள் பட்டாம்பூச்சியாகும். தொட்டிச் செடி கன்றாக இருந்து இலையே மிஞ்சவில்லை என்றால், ஏழெட்டுப் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய மரத்துக்கு மாற்றுங்கள். வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

முருங்கைக் கம்பளிப்பூச்சி வேறு சமாச்சாரம். அது மேலே பட்டால் அரிப்பு தாங்காது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் அப்படியே விடச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் பகலில் அவை அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை போட்டுக்கொண்டு, நீளக் குச்சியால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துத் தள்ளுங்கள். பந்தம் கொளுத்திப் பிடித்தால் பட்டையும் வெந்துபோகும். மயிருள்ள புழுவை எல்லாப் பறவையும் தொடாது; குயில் இனத்துப் பறவைகள் தின்னும். உங்கள் பக்கம் செம்போத்து நடமாட்டம் இருந்தால் அதற்கு ஒதுங்க ஒரு புதர் விட்டுவையுங்கள். நத்தை, புழு, சுண்டெலி என்று அது தின்னாதது குறைவு.

மாவுப்பூச்சிக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து, சாயங்காலத்தில், பூவில் படாமல் தெளியுங்கள். அதற்குமேல் எதுவும் வேண்டாம். இன்னொன்று, மரத்தடிச் சருகைத் தினமும் கூட்டி எரிக்காதீர்கள். ஒரு மூலையில் நாலு விரல் கனத்துக்குக் கிடக்கட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பதை ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

சாலிகிராமம் வாசகி: தலையில் கொண்டையும் வாலடியில் சிவப்பும் உள்ள ஒரு கறுப்புக் குருவி தினமும் காலையில் எங்கள் ஜன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது. விரட்டினால் போய்விட்டுத் திரும்ப வருகிறது. வீட்டுக்கு ஆகாத சகுனம் என்று மாமியார் பயப்படுகிறார்.

அது சின்னான், கொண்டைக்குருவி என்றும் சொல்வோம். மாமியாரிடம் பயமே வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தை அது வேறொரு சின்னான் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கூடு கட்டுகிற காலத்தில் தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்தால் விரட்டுவது அதன் இயல்பு. கண்ணாடிக்குள் தெரிகிற பறவையோ விரட்ட விரட்டப் போகாமல் எதிரே நிற்கிறது! அதனால்தான் ஓயாமல் வருகிறது. அநேகமாகப் பக்கத்திலேயே, உங்கள் வீட்டுப் புதரிலோ கொடியிலோ அதன் கூடு இருக்கும். மாமியாருக்கு அதைக் காட்டுங்கள். எட்டி நின்று மட்டும்.

உள்ளே திரை போட்டால் நிற்காது. உள்பக்கம் இருட்டானால் கண்ணாடியில் உருவம் இன்னும் நன்றாகத் தெரியும். வெளிப்பக்கம் செய்தித்தாளை ஒட்டுங்கள், அல்லது பழைய வேட்டியைத் தொங்கவிடுங்கள். சில வாரங்களில் குஞ்சு பறந்ததும் எடுத்துவிடலாம். குண்டுக்கரிச்சானும் தேன்சிட்டும்கூட இப்படிக் கொத்தும். பைக், கார் கண்ணாடியைக் கொத்தினால் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. செல்போன் டவர்தான் காரணமா?

செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி போயிற்று என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஓரளவு நிலையாக இருப்பதாகச் சொல்கிறது. ஆனால் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மெல்லக் குறைந்துவருவதையும் அதே அறிக்கை காட்டுகிறது. ஓட்டு வீட்டு இடுக்குகள் போயின. அரிசியும் பருப்பும் பாக்கெட்டில் அடைபட்டன. காலி மனையில் புல்லும் பூச்சியும் இல்லை.

பெட்டி மட்டும் வைத்தால் வேற்றிடத்திலிருந்து குருவி வராது. ஏற்கெனவே குருவி இருக்கிற தெருவில்தான் பெட்டிக்குப் பயன். உங்கள் தெரு மளிகைக் கடை வாசலிலோ மார்க்கெட்டிலோ குருவிச் சத்தம் கேட்கிறதா பாருங்கள். கேட்டால் நம்பிக்கை உண்டு. பெட்டி வாசல் 32 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பெரிதானால் மைனா குடிவந்துவிடும். வாசலுக்குக் கீழே குச்சி வேண்டியதில்லை, காகம் உட்காரத்தான் அது உதவும். பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், மழைச் சாரல் அடிக்காமல் மாட்டுங்கள். கீழே ஒரு தொட்டியில் கம்பு விதைத்து, கதிரை அறுக்காமல் விடுங்கள்.

பழவந்தாங்கல் வாசகி: வாசல் விளக்கு வயரில் குப்பை மாதிரி ஒன்று தொங்குகிறது. கிட்டே போனால் மஞ்சள் வயிற்றுக் குட்டிக் குருவி ஒன்று வெளியே பறக்கிறது. அடுத்த வாரம் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார். கூட்டை வேறு இடத்துக்கு மாற்றலாமா?

மாற்றாதீர்கள் அம்மா. இடம் மாறினால் தாய் அதைத் தேடி வராது. பெயின்ட்காரரிடம் வாசலை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு மாதம் போதும். அது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. இரண்டு முட்டையிடும். பொரிக்க இரண்டு வாரம் போல ஆகும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

நீங்கள் குப்பை என்று எழுதியிருப்பதை, பறவை வெளியே போயிருக்கும் நேரத்தில், தொடாமல் நன்றாகப் பாருங்கள். காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைச் சீவல், புழுவின் எச்சம்கூட இருக்கும். எல்லாவற்றையும் சிலந்தி நூலால் இழுத்துப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் வாசல், மழைநீர் உள்ளே போகாமலிருக்க அதற்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரம். உள்ளே பஞ்சு மெத்தை. பெண் பறவை உள்ளே உட்கார்ந்து, நெஞ்சால் அழுத்தி அழுத்தித்தான் அந்த வட்டத்தைக் கொண்டுவருகிறது. வெளியே குப்பையாகத் தெரிவதுதான் அதற்குக் காவல். காகம் கண்டுகொள்ளாது. ராத்திரி அந்த விளக்கை மட்டும் போடாதீர்கள், செல்போனைக் கிட்டே நீட்டி ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

கொளத்தூர், எட்டாம் வகுப்பு மாணவன்: எங்கள் மாடியில் ஒரு காக்கா வேறு ஒரு குருவிக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்தேன். அது காக்காவைவிடச் சின்னது, உடம்பில் புள்ளி இருந்தது. ஃபிரண்ட்ஸ் யாரும் நம்பவில்லை ஆன்ட்டி.

நான் நம்புகிறேன் தம்பி. நீ பார்த்தது குயில் குஞ்சு. குயில் கூடு கட்டாது. காகம் கூட்டில் முட்டையிடும் கோடைக்காலத்தில்தான் குயிலும் முட்டையிடும். கறுப்பாக, சிவப்புக் கண்ணோடு இருக்கிற ஆண் குயில் காகங்களின் கண்ணில் பட்டு அவற்றைத் தன் பின்னால் துரத்த வைக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி உள்ள பெண் குயில் அந்தச் சமயத்தில் காகக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை முன்னதாகவே பொரிந்துவிடுவதால் குஞ்சுக்குச் சாப்பாடு முதலில் கிடைக்கும். காகம் தன் பிள்ளை என்றே வளர்க்கும். கூட்டை விட்டு வந்த பிறகும் ஊட்டும். அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

தேதி, நேரம், இடம் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து வை. அடுத்த நாள் அதே நேரத்துக்கு நண்பர்களையும் மாடிக்குக் கூட்டிப் போ.

பெசன்ட் நகர் வாசகர்: போன ஐப்பசியில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பறவை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, வாலடி சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம், வால் குட்டை. சுற்றிலும் காகங்கள். அது வளர்ப்புப் பறவையா? என்ன செய்திருக்க வேண்டும்?

வளர்ப்புப் பறவை இல்லை, ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் தெற்கே வருகிற வலசைப் பறவை. இங்கே தங்குவதும் உண்டு, இலங்கை வரைக்கும் போவதும் உண்டு. ராத்திரியில்தான் பயணம் செய்யும். ஐப்பசி வாக்கில் சென்னையைத் தாண்டும்போது, களைத்தோ கண்ணாடிச் சுவரில் மோதியோ இப்படி இறங்கிவிடும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் கிண்டிக் காடும் பக்கத்தில் இருப்பதால் உங்கள் பகுதியில் பார்க்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை செய்ய வேண்டியது இது. முதலில் காகங்களை விரட்டுங்கள். ஒரு துண்டை மேலே போட்டு மெதுவாக எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டு அறையில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சோறும் வேண்டாம். பலதும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அந்திக் கருக்கலில், காகங்கள் அடைந்த பிறகு, மரமும் புதரும் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறக்கை தொங்கினால், நிற்க முடியாவிட்டால், வனத்துறைக்கோ பறவைகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவருக்கோ சொல்லிவிட வேண்டும்.

கொரட்டூர் வாசகி: மாடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கொசு ஒழிப்புக்கு வந்தவர் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். வைக்கக் கூடாதா?

வைக்கலாம், வைக்கணும். சித்திரை வெயிலில் தீனியைவிடத் தண்ணீர்தான் பெரிய உதவி. ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெங்கு கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை கிண்ணத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. தினமும் காலையில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், கால் வழுக்கும். அகலமான மண்தட்டு நல்லது. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் வையுங்கள். பூனை பதுங்குகிற புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, நிழலில் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

ஆவடி வாசகர்: வெட்டிய தென்னை மரப் பொந்தில் பச்சைக்கிளிக் குஞ்சு இரண்டு கிடைத்தன. பிள்ளைகள் வளர்க்க ஆசைப்படுகிறார்கள்.

வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். உடனே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படையுங்கள். பிள்ளைகளையும் கூடக் கூட்டிப் போங்கள். பறக்கப் போகிற கிளி என்று அவர்களுக்குத் தெரியட்டும். வெட்டாமல் நிற்கிற மொட்டைத் தென்னை வேறு இருந்தால், வீட்டின் மேல் சாயாத இடத்தில், அப்படியே விடுங்கள். கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் பொந்து கிடைப்பதுதான் இப்போது கஷ்டம்.

மடிப்பாக்கம் வாசகர்: ஓய்வு பெற்றுவிட்டேன். பறவை பார்க்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். பைனாகுலர் எது வாங்கலாம்? யாரோடு சேரலாம்?

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லையுள்ள பைனாகுலர் போதும். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று வாங்கினால் கை நடுக்கத்தில் பறவை நிற்காது. கடையில் நீங்களே கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். குரலை வைத்து அடையாளம் காண மெர்லின் செயலி உதவும். அது சொல்வதைக் கண்ணாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1978 முதல் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இயங்கிவருகிறது. கூடவே நடந்து, அனுபவசாலிகள் பார்ப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது போல வராது.

தை பிறக்கும்போது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2015-இலிருந்து தமிழ்நாடு முழுக்கச் செய்கிறார்கள். உங்கள் வீட்டு மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மாங்குயிலையும் மீன்கொத்தியையும் எழுதிவிட்டு, காகம், மைனா, மாடப்புறாவை விட்டுவிடுகிறார்கள். அவற்றையும் எண்ணி எழுதுங்கள். சிட்டுக்குருவி நிறைய இருந்த காலத்தில் அதை யாரும் எண்ணி வைக்கவில்லை.